ஃப்ளோட்டிங் டிஸ்க் கடகடங்குதா? எந்தப் பக்கம் ஆடுதுன்னு மொதல்ல பாருங்க

கோபி பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரெட்டை சிலிண்டர் வண்டி எடுத்திருக்காரு, முன்னாடி ரெண்டு பிரேக் டிஸ்க், ரெண்டுமே ஃப்ளோட்டிங். ஊருக்குள்ள மெதுவா போறப்ப, ஸ்பீட் பிரேக்கர் எறங்குறப்ப முன்னாடி கடகடன்னு சத்தம் வருது, டிஸ்க்கைக் கைல புடிச்சு ஆட்டுனா ஆடுது. ஒரு பட்டறைல "டிஸ்க் லூஸ் ஆயிருச்சு, ரெண்டு செட்டும் மாத்தோணும்"னாங்களாம். இன்னொரு பட்டறைல "எதுக்குங்க அவ்வளவு செலவு, டிஸ்க்குல இருக்கற பட்டனுக்கு எல்லாம் ஒவ்வொரு பொட்டு வெல்டு வெச்சுத் தர்றேன், சத்தமே இருக்காது"ன்னாங்களாம். எதைச் செய்யறதுன்னு கேக்கறாரு.

இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம் தம்பி. டிஸ்க் மாத்தறது அப்புறம் வேணும்னா பாக்கலாம், வெல்டு மட்டும் எந்தக் காலத்துலயும் வேண்டாம். ஃப்ளோட்டிங் டிஸ்க் ஆடறது கோளாறு இல்ல, அது ஆடறதுக்குன்னே பண்ணுனது. எந்தப் பக்கம் ஆடுதுங்கறதுதான் விசயம். சைடுல, அதாவது வண்டிக்கு எடதுக்கும் வலதுக்கும் கொஞ்சம் அசைஞ்சா அது சரியா இருக்குதுன்னு அர்த்தம். வீல் சுத்தற பக்கமா, முன்னும் பின்னும், டக் டக்குன்னு வெளையாட்டு இருந்தா அது தேய்மானம். இந்த ஒண்ணைப் பிரிச்சுப் பாக்காம டிஸ்க் மாத்தச் சொல்றவரும் வெல்டு வெக்கச் சொல்றவரும் ஒட்டுக்கா தப்புத்தான் பண்றாங்க.

அது ஏன் ஆடோணும்னு தெரிஞ்சுக்கிட்டா மிச்சதெல்லாம் தானா புரியும். ஃப்ளோட்டிங் டிஸ்க்ல ரெண்டு பாகம் இருக்குது. வெளிய பிரேக் பேடு புடிக்கிற ஸ்டீல் வளையம், உள்ள ஹப்புல, அதாவது வீலோட நடுப் பாகத்துல போல்ட் போட்டு நிக்கிற கேரியர், அது பெரும்பாலும் அலுமினியம். வளையத்துல பாதி வட்டமா ஒரு வெட்டு, கேரியர்ல பாதி வட்டமா ஒரு வெட்டு, ரெண்டும் சேந்து ஒரு முழு ஓட்டை ஆகுது, அந்த ஓட்டைல உக்காந்திருக்கற சின்ன உருளைதான் பட்டன், பாபின்னும் சொல்லுவாங்க. அதுக்குப் பின்னால ஒரு வேவ் வாஷர், ஸ்பிரிங் கணக்கா நெளிஞ்ச வாஷர், அதைக் கழண்டு வராம புடிக்க ஒரு சர்க்ளிப், இல்லாட்டி முனையை ரிவெட் அடிச்சே விட்டிருப்பாங்க. நீங்க பிரேக் புடிக்கறப்ப அந்த டிஸ்க்கோட மொத்த பிரேக் விசையும் அந்த வளையத்துல இருந்து இந்த விரல் தண்டி பட்டன்கள் வழியாத்தான் ஹப்புக்குப் போகுது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடறதை உங்க ஊர்ல பெரியவங்க பாத்திருப்பாங்க, பட்டாவை நெருப்புல போட்டுக் காய்ச்சுனா விரிஞ்சு சக்கரத்து மேல லேசா எறங்கிரும், தண்ணி ஊத்துனதும் சுருங்கிக் கவ்விக்கும். டிஸ்க்கும் அதே இரும்புக் கணக்குத்தான். 320 மில்லிமீட்டர் டிஸ்க் ஒண்ணு 300 டிகிரி சூடு ஏறுச்சுன்னா அதோட விட்டம் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் கூடும். வெளி வளையம் அந்தச் சூட்டுல இருக்கறப்ப உள்ள இருக்கற கேரியர் அத்தனை சூடு ஆகாது. ரெண்டையும் அசையாம பூட்டி வெச்சா அந்த 1 மில்லிமீட்டர் எங்க போகும், பக்கவாட்டுல வளைஞ்சுக்கும், டிஸ்க் லேசாக் குழி விழுந்த தட்டு ஆயிரும். அது நடக்காம இருக்கத்தான் நடுவுல இடைவெளி உட்டுப் பட்டன் போட்டது. இப்ப அந்த எடத்துல வெல்டு வெச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதும் போக வெல்டு சூட்டுல அந்த எடத்து ஸ்டீலோட பதம் போயிரும், ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத விரிசல் உழுகும், அலுமினியத்தோட ஸ்டீல் ஒட்டவும் ஒட்டாது, சும்மா மேலாப்புல ஒரு பொட்டு நிக்கும். அந்த டிஸ்க்கோட திம்பம் மலை எறங்கறேன்னு கெளம்புனா 27 ஹேர்பின் முச்சூடும் அந்தப் பொட்டை நம்பித்தான் எறங்கோணும். பட்டன் தலையைச் சுத்தியல்ல தட்டி டைட் பண்றதும் இதே ரகந்தான், ரிவெட் முனை விரிஞ்சு வேவ் வாஷர் நசுங்கி, ரெண்டு நாள் சத்தம் நிக்கும், அப்புறம் முன்னைக்கு மேல வரும்.

ரெண்டாவது காரணம் காலிபர், பேடை டிஸ்க் மேல அழுத்தற பாகம். உங்க வண்டில ரெண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கற ஃபிக்ஸடு காலிபர்னா, காலிபர் அசையாது, அதனால டிஸ்க்தான் அசைஞ்சு ரெண்டு பேடுக்கும் நடுவுல வந்து நிக்கோணும். சாதாரண 150, 160 சிசி வண்டிகள்ல ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருக்கும், காலிபரே பின்னுல நழுவி நடுவுக்கு வந்துக்கும், அங்க டிஸ்க் ஒரே தட்டா இருந்தா போதும். அந்த வண்டிகளுக்கு ஆன்லைன்ல பட்டன் வெச்ச டிசைன்ல டிஸ்க் வாங்கி மாட்றவங்க உண்டு, அதுல சிலதுல பட்டன் சும்மா அழகுக்கு, ஒண்ணும் அசையாது. அதுக்குக் காசு குடுக்கறதுக்கு நல்ல பேடு வாங்கிப் போடலாம்.

இன்னொன்னு, ஃப்ளோட்டிங்லயே ரெண்டு வகை. வேவ் வாஷர் இருக்கறது செமி ஃப்ளோட்டிங், கைல அழுத்துனா மட்டும் லேசா அசையும், ரோட்டு வண்டில வர்றது பெரும்பாலும் இதுதான். வாஷரே இல்லாம முழுசா லூசா இருக்கறது ஃபுல் ஃப்ளோட்டிங், செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்ல வண்டியைத் தள்ளிட்டுப் போறப்பவே சலங்கை கட்டுன கணக்கா சத்தம் போடறது அதுதான். செகண்ட் ஹேண்ட் வண்டிங்கறதால முன்னாடி வெச்சிருந்தவரு ஸ்டைலுக்கு ஃபுல் ஃப்ளோட்டிங் மாட்டியிருந்தாலும் மாட்டியிருப்பாரு. வளையத்துல கம்பெனி முத்திரை என்ன இருக்குது, பட்டனுக்குப் பின்னால வாஷர் தெரியுதான்னு பாத்துருங்க, வாஷர் இல்லாத ரகம்னா உங்க சத்தத்துக்கு வைத்தியமே இல்ல, அது அப்படித்தான் இருக்கும்.

சரி, இப்ப சோதனைக்கு வருவோம். பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குது, டிஸ்க்கை ஹப்போட புடிக்கிற போல்ட். இது லூசா இருந்தாத்தான் உயிர் போற விசயம். ஒவ்வொரு போல்ட்டா அலன் கீ போட்டு டைட் பக்கமா லேசா அழுத்திப் பாருங்க, அசையவே கூடாது. போல்ட் தலையைச் சுத்தி பளபளன்னு தேஞ்ச வட்டம் இல்லாட்டி துருப் பொடி வழிஞ்ச கோடு தெரிஞ்சா அது உள்ள அசைஞ்சுட்டு இருக்குதுன்னு அர்த்தம். டயர் மாத்தறப்ப, வீல் பேரிங் போடறப்ப டிஸ்க்கைக் கழட்டி மாட்டுன வண்டில இதை அடிக்கடி பாக்கலாம், பழைய போல்ட்டையே லாக்டைட் இல்லாம மாட்டி உட்டிருப்பாங்க. ஒண்ணு லூஸ்னாலும் அந்த ஒண்ணை மட்டும் முடுக்கிட்டு ஓட்டாதீங்க. எல்லாத்தையும் கழட்டி, மரையைச் சுத்தம் பண்ணி, கம்பெனி போல்ட் புதுசு, நடுத்தர பலம் உள்ள நீலக் கலர் லாக்டைட், எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முடுக்கி, கடைசில டார்க் ரெஞ்ச்ல மேனுவல்ல போட்ட அளவுக்கு. எட்டாம் நம்பர் மரை போல்ட்டுக்கு பெரும்பாலும் 20க்கு மேல 30, 35 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், ஆனா உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவலைப் பாத்தே போடுங்க. ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டவே வேண்டாம், டிஸ்க் போல்ட்டோட கழுத்து அளவும் தலை உயரமும் தனி, சாதா போல்ட் தலை காலிபர்ல போய் இடிக்கும்.

போல்ட் சரின்னா அடுத்தது சத்தம் டிஸ்க்ல இருந்துதான் வருதான்னு உறுதி பண்றது. பாதிப் பேரு இங்கதான் ஏமாறறாங்க. ஆளில்லாத, சரிவில்லாத ரோடு, கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தா நல்லது, 15, 20 கிலோமீட்டர் வேகத்துல போயி கில் சுவிட்ச்ல எஞ்சினை அமத்திட்டு கிளட்ச்சைப் புடிச்சு உருட்டி உடுங்க, சாவியைத் திருப்பிக் கழட்டீராதீங்க. சத்தம் வர்றப்ப முன் பிரேக் லிவரை ரெண்டு விரல்ல நோகாம தொடுங்க, வண்டி நிக்கக் கூடாது, பேடு டிஸ்க்கை முத்தம் குடுத்தாப் போதும். சத்தம் டக்குன்னு நின்னா அது பிரேக் சம்பந்தப்பட்டது, டிஸ்க் வளையமோ பேடோ காலிபரோ. நிக்காம அதே கடகடன்னா பிரேக்கை உட்டுட்டு மட்கார்டு போல்ட், ஹெட்லைட் பிராக்கெட், நம்பர் பிளேட், ஃபோர்க், கோன் செட்டு (ஹேண்டில் திரும்பற எடத்துல இருக்கற பேரிங்)னு தேடுங்க. நம்பர் பிளேட்டு சத்தத்துக்கு டிஸ்க் மாத்துன கதை எல்லாம் நம்ம ஊர்ல சகஜம்.

பிரேக் தொட்டதும் சத்தம் நின்னுச்சுன்னாலும் உடனே டிஸ்க் மேல பழி போட வேண்டாம். பேடுதான் அதைவிட அதிகமாக் கடகடங்கும். காலிபருக்குள்ள பேடை அழுத்திப் புடிக்க ஒரு தகட்டு ஸ்பிரிங் இருக்கும், பேடு மாத்தறப்ப அதைத் திரும்பப் போட மறந்துருவாங்க, இல்ல தலைகீழாப் போட்டிருப்பாங்க, இல்ல அது தளந்து போயிருக்கும். விலை குறைஞ்ச பேடுல பின் தகடோட அளவே கொஞ்சம் சின்னதா இருக்கும், காலிபருக்குள்ள முன்னும் பின்னும் ஆடும். பேடு பின்னு தேஞ்சு நடுவுல பள்ளம் விழுந்திருந்தாலும் இதே சத்தந்தான். காலிபரைப் பாத்து உக்காந்து விரலால ஒவ்வொரு பேடையும் மேல கீழ அசைச்சுப் பாருங்க, ஒரு டார்ச் இருந்தாப் போதும். நழுவுற காலிபர்னா ஸ்லைடு பின்னு ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் காஞ்சு போயிருக்கான்னும் பாருங்க, அதுக்கு பிரேக்குக்குன்னு வர்ற சிலிக்கான் கிரீஸ் தான் போடோணும், வீல் பேரிங்கு கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிக்கும்.

அடுத்தது டக் சத்தம். வண்டி மேல உக்காந்து எஞ்சின் அமத்தி, காலால முன்னாடி ஒரு அடி தள்ளி முன் பிரேக் புடிங்க, ஒரு டக். உட்டுட்டு மறுபடி முன்னாடியே தள்ளிப் புடிங்க, இப்ப சத்தம் இருக்காது. பின்னாடி தள்ளிப் புடிங்க, மறுபடி ஒரு டக். இப்படி திசை மாறுனா மட்டும் ஒரு தடவை வந்தா எங்கயோ சுத்தற பக்கமா இடைவெளி இருக்குது, அது பட்டன்லயும் இருக்கலாம், பேடு காலிபருக்குள்ள நகர்றதாவும் இருக்கலாம். ரெண்டுக்கும் சத்தம் ஒரே தினுசு, காதுல பிரிக்க முடியாது, விரல்லதான் பிரிக்கோணும். ஒருத்தர் பிரேக் புடிச்சுட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசா ஆட்டட்டும், நீங்க உக்காந்து ஒரு விரலை வளையமும் கேரியரும் சேர்ற எடத்துல பட்டன் பக்கத்துல வெய்யுங்க, அப்புறம் பேடு தகடும் காலிபரும் சேர்ற எடத்துல. எங்க அசையுதோ விரல் சொல்லீரும். டிஸ்க் சூடா இருக்கறப்ப விரல் வெச்சுராதீங்க, வண்டியை ஓட்டிட்டு வந்த கையோட இதைப் பண்ண வேண்டாம், ஆறட்டும். விரல் டிஸ்க் ஓட்டைக்குள்ள போயிராமயும் பாத்துக்கங்க.

ஆட்டறப்ப ஒவ்வொரு தடவையும் டங்கு டங்குன்னு ஹேண்டில்லயே உணர்ந்தா அது கோன் செட். மெயின் ஸ்டாண்ட் போட்டு முன் வீலைத் தூக்கி, ஃபோர்க்கோட அடிப் பக்கத்தை ரெண்டு கைலயும் புடிச்சு முன்னும் பின்னும் இழுங்க, மேல டங்குன்னா முடிஞ்சது. வீலை மேலயும் கீழயும் புடிச்சு சைடுல ஆட்டுனா ஆடுதா, அது வீல் பேரிங். பின் வீல் டக் சத்தத்துக்கு பெரும்பாலும் செயின் இழுப்பைத் தாங்கற கப்ளிங் ரப்பர்தான் காரணம், டிஸ்க்கே இல்ல.

இத்தனையும் தாண்டி பட்டன்தான்னு ஆச்சுன்னா இப்ப அதைக் கிட்டத்துல பாப்போம். வீல் தூக்குனபடியே இருக்கட்டும், முடிஞ்சா காலிபரைக் கழட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஒரு கயித்துல கட்டுங்க. காலிபர் கழண்டிருக்கறப்ப லிவரை யாரும் அமுத்தீரக் கூடாது, பிஸ்டன் வெளிய வந்துரும். ஒரு பட்டன்ல மார்க்கர்ல புள்ளி வெச்சுட்டு அங்க இருந்து ஒவ்வொண்ணா சுத்தி வாங்க. எல்லாப் பட்டனையும் பாக்கோணும், ஒண்ணு ரெண்டு மட்டும் அடி வாங்கியிருக்கறது உண்டு.

ஒரு பட்டனை எடுத்துக்குங்க. அதைச் சுத்தி செம்மண் நெறத்துல மெல்லிசா ஒரு பொடி ஒட்டியிருக்குதா, நம்ம ரோட்டு மண்ணுன்னு தொடச்சு உட்டுராதீங்க, விரல்ல தேய்ச்சுப் பாருங்க, மண்ணுன்னா நறநறங்கும், இது மாவா இருக்கும், அது ரெண்டு உலோகம் ஒண்ணோட ஒண்ணு உரசி வந்த துரு. பிரேக் கிளீனர் அடிச்சுக் கழுவிட்டு டார்ச்சைச் சாய்ச்சுப் புடிச்சா கேரியரோட பாதி வட்டம் தெரியும். நல்லா இருக்கறது ரெண்டு ஓரமும் ஒரே அளவு. தேஞ்சது ஒரு ஓரம் மட்டும், பிரேக் புடிக்கறப்ப பாரம் ஏர்ற ஓரம், வெள்ளையா பளபளத்து, உதட்டு கணக்கா வெளிப் பக்கம் பிதுங்கி நிக்கும். வட்டம் முட்டை வடிவம் ஆயிருக்கும். ஸ்டீல் பட்டன் அலுமினியத்தை அடிச்சு அடிச்சு வந்த பள்ளம் அது. அந்தக் கட்டத்துல புதுப் பட்டன் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, ஓட்டையே போயிருச்சு, டிஸ்க் செட்டாத்தான் மாத்தோணும்.

அப்புறம் வீலை ஒரு கைல அசையாம புடிச்சுட்டு இன்னொரு கைல வளையத்தை மட்டும் சுத்தற பக்கமா முன்னும் பின்னும் திருகுங்க. செமி ஃப்ளோட்டிங்ல கண்ணுக்குத் தெரியற அசைவு இருக்கக் கூடாது. கைக்கே டக்குன்னு தட்டுச்சுன்னா தேய்மானம். சைடுல அமுக்குனா ஸ்பிரிங்கு மேல அமுக்கறாப்ல அரை மில்லிமீட்டருக்கு உள்ள கொஞ்சம் போயிட்டுத் திரும்பி வரோணும், அது நல்லது. ஸ்க்ரூ டிரைவரோட பிளாஸ்டிக் கைப்புடியால வளையத்தை ஒவ்வொரு பட்டனுக்குப் பக்கத்துலயும் தட்டிப் பாக்கறதும் ஒரு பழக்கம், மத்த எடம் எல்லாம் ஒரே சுருதில இருக்கறப்ப ஒரு எடம் மட்டும் சரசரன்னா அந்த வாஷர் போயிருக்கும் இல்லாட்டி அங்க விரிசல் இருக்கும். விரிசல்னு சந்தேகம் வந்தா பேடு படற எடத்துல டிஸ்க்குல இருக்கற ஓட்டைகளைச் சுத்தி நல்லா பாருங்க, ஓட்டைல இருந்து ஓரத்துக்கு முடி தண்டிக் கோடு போச்சுன்னா அந்த டிஸ்க் அன்னைக்கோட சரி.

லூசா இருக்கறதை மட்டும் பேசிட்டே இருக்கோம், ஆனா நம்ம பக்கம் நான் அதிகம் பாக்கறது இதுக்கு நேர் எதிர், பட்டன் இறுகிப் போறது. போர் தண்ணில வண்டியைக் கழுவி அப்படியே வெயில்ல நிறுத்தறோம், உப்புப் படியுது, வாய்க்கா ரோட்டுச் சேறு காயுது, பேடுப் பொடி அதுல சேந்து பட்டனைக் கட்டிப் போட்டுருது. சத்தம் எதுவும் வராது, வண்டி நல்லா இருக்குதுன்னு நெனைப்போம், ஆனா வால்பாறைல இருந்து ஆழியாறு எறங்கறப்ப 40 கொண்டை ஊசிக்கும் பிரேக் புடிச்சுட்டே வந்தா டிஸ்க் விரிய எடம் இல்லாம வளைஞ்சுக்கும். அப்புறம் லிவர் துடிக்கும். துடிக்குது, பிரேக் போயிருச்சுன்னு பேடு மாத்துவாங்க, அதுல தீராது.

இறுகுன பட்டனுக்கு வைத்தியம் சுலபந்தான். பட்டன் நடுவுல ஓட்டை இருக்கற ரகமா இருந்தா, அதுக்குள்ள போற அளவுல ஒரு போல்ட், ரெண்டு பக்கமும் வாஷர், ஒரு நட்டு போட்டு பட்டனைக் கவ்வ வெச்சு, ஸ்பேனர்ல மெதுவா சுத்துங்க, பிரேக் கிளீனர் அடிச்சுட்டே சுத்துங்க. முதல்ல கரகரன்னு கருப்புத் தண்ணி வரும், அப்புறம் லேசாகும். டிரில் மாட்டியும் சுத்தலாம், ஸ்பீடைக் குறைச்சு வெக்கோணும். எண்ணெய், கிரீஸ், துரு ஸ்ப்ரே எதையும் பட்டன்ல விடக் கூடாது, சூடானதும் அது வழிஞ்சு பேடுக்குத்தான் போகும். இது பண்ணுனதும் டிஸ்க் முன்னைக்கு லேசா சத்தம் போடும், அது சரியாயிருச்சுங்கற சத்தம், பயப்பட வேண்டாம்.

எண்ணெய்னதும் ஒண்ணு சொல்லோணும். வாட்டர் சர்வீஸ்ல வண்டியைக் கழுவி முடிச்சு பளபளப்புக்கு டீசலை ஸ்ப்ரே பண்ணி விடற பழக்கம் இருக்குது பாருங்க, எஞ்சினுக்கு அடிக்கறப்ப டிஸ்க்குலயும் படும். முதல் பிரேக்குல வண்டி நிக்காது, அப்புறம் கீச்சுன்னு கத்தும். டீசல் ஊறுன பேடை காய்ச்சறது, உப்புத்தாள்ல தேய்க்கறது எல்லாம் வேலைக்காகாது, மாத்தீருங்க. பையன்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, வீல் பக்கம் ஸ்ப்ரே வேண்டாம்னு.

கீச்சு சத்தம் தனி ரகம், அதுல டிஸ்க் லூசுக்கு சம்பந்தம் கம்மி, பேடு மேல கண்ணாடி கணக்கா வழவழப்பு ஏறியிருக்கும் இல்ல பேடுக்குப் பின்னால சத்தத்தைத் தடுக்க வர்ற மெல்லிசான தனித் தகடு (ஷிம்) இல்லாம இருக்கும். கரகரன்னு இரும்பு உரசற சத்தம் வந்தா வண்டியை ஓட்டாதீங்க, பேடு தீந்து அதோட பின் தகடு டிஸ்க்கைத் தின்னுட்டு இருக்குது. வீல் ஒரு சுத்துக்கு ஒரு தடவை சக் சக்குன்னா டிஸ்க் பீட்டிங், அதாவது டிஸ்க் நேரா சுத்தாம எடதும் வலதுமா ஆடிச் சுத்தறது.

பீட்டிங் பாக்க டயல் கேஜ் இருந்தா நல்லது, இல்லாட்டி ஒரு கேபிள் டையை ஃபோர்க்குல இறுக்கிக் கட்டி, முனையை வெட்டி டிஸ்க்கோட ஓரத்துல தொடாம தொடற மாதிரி வெச்சு வீலைச் சுத்துங்க, எங்க நெருங்குது எங்க விலகுதுன்னு ஃபீலர் கேஜ் விட்டுப் பாக்கலாம், டேப்பட் பாக்கறதுக்கு வெச்சிருப்பீங்களே அதே கேஜ். ஃப்ளோட்டிங்ல வளையத்தை ஒரு பக்கமா லேசா அழுத்திட்டே பாக்கோணும், இல்லாட்டி பட்டனோட அசைவையும் சேத்து அளந்துருவீங்க. பெரும்பாலான வண்டிக்கு அதிகபட்ச பீட்டிங் அளவு 0.1ல இருந்து 0.3 மில்லிமீட்டருக்குள்ள எங்கயோ போட்டிருப்பாங்க. கனம் டிஸ்க் மேலயே பொறிச்சிருக்கும், எவ்வளவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு. வெர்னியர்ல அளந்தா ஓரத்துல தேயாம நிக்கிற வரப்பு அளவை ஏமாத்திரும், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயம் வெச்சு அளந்துட்டு ரெண்டு நாணயத்தோட கனத்தையும் கழிச்சுக்குங்க, இல்லாட்டி மைக்ரோமீட்டர்.

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத்துல குடுத்து டிஸ்க்கை ஃபேசிங் போட்டுக்கலாம், அதாவது மேல் பக்கத்தைச் சீவிச் சமமாக்கிக்கலாம்னு சொல்லுவாங்க. கோயமுத்தூர்ல லேத்துக்குப் பஞ்சமில்ல, கைத்திறனுக்கும் பஞ்சமில்ல, ஆனா ஃப்ளோட்டிங் டிஸ்க்கை சக்குல எப்படிப் புடிப்பீங்க, அதுவே ஆடறது. வெட்டுன அளவுக்குக் கனமும் போயிரும், புதுசு 5 மில்லிமீட்டர், எல்லை 4.5ன்னா உங்களுக்கு இருக்கறதே அரை மில்லிமீட்டர் தான். ஒரே தட்டு டிஸ்க்கா இருந்து, கனம் மிச்சம் இருந்தா, கிரைண்டிங் தெரிஞ்ச கைல குடுக்கலாம். ஃப்ளோட்டிங்குக்கு வேண்டாம்.

ஒரு அடையாளம் விட்டுப் போச்சு. லிவர் முதல் புடிக்கு நிறைய உள்ள போயி, உடனே ரெண்டாவது புடிக்குக் கெட்டியா நின்னா, டிஸ்க்கோ வீல் பேரிங்கோ ஆடிப் பேடைத் தள்ளி விடுதுன்னு அர்த்தம். மேடு பள்ளத்துல போயிட்டு வந்த உடனே இது அதிகமாத் தெரியும். எல்லாப் புடிக்கும் பஞ்சா இருந்தா அது பிரேக் ஆயில்ல காத்து, பிளீடிங் பண்ணி அந்தக் காத்தை வெளியேத்தோணும். பிரேக் ஆயில் பழசாயிருந்தாலும் சூட்டுல பஞ்சாகும், டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரிக்குக் கீழ கொதிக்காது, ஈரம் இழுத்ததுக்கு அப்புறம் அந்த எல்லை 155 வரைக்கும் எறங்கிரும். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு எதுவும் யோசிக்காம ஆயிலை மாத்தீருங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல மலை எறங்கற ஆளா இருந்தா அதையும் உட்ருங்க, கியர்ல எறங்குங்க.

தம்பி, உங்க விவரத்தை வெச்சுப் பாத்தா, மெதுவா போறப்ப கடகட, பிரேக் புடிக்கறப்ப டக் இருக்குதுன்னு நீங்க சொல்லல, லிவர் துடிக்குதுன்னும் சொல்லல. அதனால என் சந்தேகம் பேடு ஸ்பிரிங் மேலதான், பட்டன் ரெண்டாவது. காலிபர்ல ஸ்பிரிங் இருக்குதான்னு இன்னைக்குச் சாயங்காலமே டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்து, சரியாவும் உக்காந்திருந்தா, அப்புறம் வீலைத் தூக்கி அந்த முன்னும் பின்னும் சோதனை. அதுல ஆட்டம் இருந்துதுன்னா ரெண்டு பக்க டிஸ்க்கும் ஜோடியா, பேடும் கூடவே புதுசா மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்த வேண்டாம். புது டிஸ்க்குல ஒட்டியிருக்கற எண்ணெயை பிரேக் கிளீனர்ல தொடச்சுட்டு, முதல் கொஞ்ச தூரத்துக்கு சத்தி ரோட்டுல லாரிக்குப் பின்னால எல்லாம் ஒட்டிப் போகாம, காலி ரோட்டுல மெதுவா மெதுவாப் புடிச்சு பேடை உக்கார வெய்யுங்க. பட்டன் ஓட்டையை போட்டோ எடுத்து அனுப்புனீங்கன்னா, டார்ச்சைச் சாய்ச்சு வெச்சு எடுங்க, நேரா அடிச்சா பளபளப்புல ஒண்ணும் தெரியாது, பாத்துச் சொல்றேன்.